பச்சைப் பளிங்குக்கல்

பச்சைப் பளிங்குக்கல் என்பது சுவர், தூண், தரை, மேசைப் பலகை முதலியவற்றுக்காக வெட்டி மெருகேற்றப்படும் பச்சை நிறப் பாறைகளுக்குக் கல் வணிகத்தில் வழங்கும் பொதுப்பெயர். தமிழ்நாட்டுக் கடைகளில் 'கிரீன் மார்பிள்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். இப்பெயரில் விற்பவை அனைத்தும் ஒரே வகைப் பாறை அல்ல. பெரும்பாலானவை புவியியலார் கணக்கில் பளிங்குக்கல்லும் அல்ல. ஆயினும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக, ரோமானிய மாளிகை முதல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மேடை வரை, செல்வத்தையும் அதிகாரத்தையும் காட்ட வேண்டிய இடங்களில் இக்கல் இடம்பெற்று வந்திருக்கிறது. அதன் வரலாற்றில் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தென்படும். கூரைக்குக் கீழே அது நூற்றாண்டுகள் நிலைத்திருக்கிறது. மழையிலும் வெயிலிலும் வைத்தால் பெரும்பாலும் ஏமாற்றிவிடுகிறது.

பாறையின் இயல்பு

சுண்ணக்கல் பூமியின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் படிகமாவதே அசல் பளிங்குக்கல். ராஜஸ்தான் மக்ரானாவின் வெள்ளைக் கல்லும் இத்தாலியின் கராராக் கல்லும் அத்தகையவை. அவற்றின் உடல் ஏறத்தாழ முழுவதும் கால்சைட் என்னும் கனிமம். பச்சைக் கற்களில் பெரும்பாலானவற்றின் பிறப்பு வேறு. பூமியின் மேலோட்டுக்கு அடியிலிருந்து வரும் ஆலிவின் மிகுந்த கரும்பாறையில், பெரும்பாலும் கடலடியில், வெந்நீர் ஊடுருவும்போது அது செர்ப்பன்டைன் என்னும் பச்சைக் கனிமமாக மாறுகிறது. மெக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்த இக்கனிமத்தின் எடையில் சுமார் 13 விழுக்காடு நீர். அது ஈரமாகத் தங்கிய நீரன்று, படிகத்துக்குள்ளேயே பிணைந்து கிடப்பது. கல்லில் தெரியும் கரும்புள்ளிகள் அந்த மாற்றத்தின்போது பிரிந்த இரும்பு, மேக்னடைட்டாக உறைந்தவை. அவை நிறைந்த துண்டில் காந்தம் ஒட்டிப் பார்க்கும். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வெள்ளைக் கோடுகள், பிற்காலத்தில் விரிசல்களில் படிந்த கால்சைட்.

இதே தாய்ப்பாறை சேலத்திலும் உண்டு. ஆனால் அங்கே கரிவளி கலந்த நீர் செய்த வேலையில் வெள்ளை மேக்னசைட் விளைந்தது. எனவே சேலத்துக் குன்றுகள் உலைகளுக்கான செங்கல்லுக்குப் பயன்பட்டனவே தவிர மாளிகைத் தூணுக்கு அல்ல.

இரண்டாம் வகை, உண்மையான பளிங்கில் பச்சைக் கனிமங்கள் கலந்தது. கிரேக்கத்தின் கரிஸ்டோஸ் கல்லில் வெள்ளைக் கால்சைட்டுக்கு நடுவே குளோரைட்டும் மைக்காவும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. அயர்லாந்தின் கானமராக் கல் மாசு கலந்த சுண்ணக்கல்லிலிருந்து உருவாகி, பிறகு செர்ப்பன்டைன் பெற்றது. மூன்றாவது, உடைந்த செர்ப்பன்டைன் துண்டுகளும் வெள்ளைப் பளிங்குத் துண்டுகளும் கலந்து இயற்கையே ஒட்டவைத்த கலவைப் பாறை. பழங்காலத்தவர் மிகவும் விரும்பிய தெஸ்ஸலிக் கல் இந்த வகை.

வேறுபாட்டை அறிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு போதும். கால்சைட் என்றால் சிறிது நேரத்தில் மெருகு போய் மங்கல் தழும்பு விழும். செர்ப்பன்டைனில் பெரிதாக ஒன்றும் ஆகாது, அதிலுள்ள வெள்ளைக் கோடுகள் மட்டும் அரிக்கும். கடைக்காரர் முகம் கோணினாலும், வாங்குவதற்கு முன் மாதிரித் துண்டு ஒன்றில் செய்து பார்க்கத்தக்க சோதனை இது.

கரிஸ்டோஸ்: ரோமானியரின் பச்சை

ஈஜியன் கடலோரத்தில் உள்ள யூபியா தீவின் தென்முனையில் கரிஸ்டோஸ் நகரம் இருக்கிறது. அதன் மேலே ஓக்கி மலைச்சரிவுகளில் வெட்டிய கல்லுக்குப் பிற்கால இத்தாலியர் வைத்த பெயர் சிப்போலினோ. வெங்காயத் தோல்கள் போல அடுக்கடுக்காக இருப்பதால் வந்த பெயர். ஜூலியஸ் சீசரிடம் காலியாப் போர்களில் பொறியாளர் தலைவராக இருந்த மாமுர்ரா என்பவர் ரோமில் தம் வீட்டுச் சுவர்களைப் பளிங்குப் பலகைகளால் போர்த்திய முதல் மனிதர் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அவ்வீட்டுத் தூண்கள் கரிஸ்டோஸ் கல்லாலோ லூனா (இன்றைய கராரா) கல்லாலோ ஆனவை என்பதும் பிளினி தரும் தகவலே. போரில் சேர்த்த பணம் வீட்டுச் சுவரில் பளபளத்ததை அவர் மெச்சி எழுதவில்லை. இருந்தாலும் உள்ளறை அலங்காரத்துக்குக் கல்லைப் பலகையாக அறுத்து ஒட்டும் வழக்கத்தின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக அந்த வீடு நிலைத்துவிட்டது.

பின்வந்த பேரரசர்கள் கரிஸ்டோஸ் குவாரிகளைத் தம் நிர்வாகத்தில் வைத்துக்கொண்டார்கள். கி.பி. 140 அல்லது 141-இல் இறந்த ஃபாஸ்டினாவுக்காக அவள் கணவர் பேரரசர் அன்டோனினஸ் பயஸ் ரோமானியப் பொதுமன்றத்தில் எழுப்பிய கோயிலின் முன்புறத்தில், சுமார் 17 மீட்டர் உயரமுள்ள பத்துச் சிப்போலினோத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் மேற்பகுதியில் சாய்வான வெட்டுத் தடங்கள் உண்டு. பிற்காலத்தில் கயிறு கட்டி இழுத்துச் சாய்க்க முயன்ற அடையாளம் என்று சொல்வார்கள். கோயில் தேவாலயமானதால் தூண்கள் பிழைத்தன. ஆனால் காற்றும் மழையும் மைக்கா அடுக்குகளின் வழியே தோலை உரித்திருக்கின்றன.

கரிஸ்டோஸுக்கு மேலே மலையில், ஏறத்தாழ முடிந்த நிலையில் கைவிடப்பட்ட தூண்கள் இன்னும் படுத்துக் கிடக்கின்றன. ஏன் இறக்கவில்லை என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. வட ஆப்பிரிக்காவின் லெப்டிஸ் மாக்னாவுக்குக் கடல் கடந்து போன சிப்போலினோத் தூண்களுக்கு இன்னொரு பயணமும் வாய்த்தது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திரிப்போலியிலிருந்த பிரெஞ்சுத் தூதர் அந்த இடிபாடுகளிலிருந்து தூண்களை எடுத்து, பதினான்காம் லூயியின் கட்டட வேலைகளுக்காகப் பிரான்சுக்குக் கப்பலேற்றினார்.

கரிஸ்டோஸ் பற்றிக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதிய பத்தியில் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. அங்கே சீவி நூற்று நெய்யத்தக்க ஒரு கல்லும் கிடைக்கிறது, அதில் நெய்த துண்டுகள் அழுக்கானால் துவைப்பதில்லை, நெருப்பில் போட்டு எடுக்கிறார்கள் என்கிறார். அவர் சொல்வது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். பச்சைப் பாறைகளின் பக்கத்திலேயே அதுவும் விளைகிறது. அந்த உறவு 20-ஆம் நூற்றாண்டில்தான் உலகைக் கலங்கவைத்தது.

தெஸ்ஸலியும் ஹேகியா சோபியாவும்

கிரேக்கத்தின் தெஸ்ஸலிச் சமவெளியில், லாரிசா நகருக்கு வடகிழக்கே கசாம்பலி என்னும் இடத்தில் உள்ள குவாரிகளிலிருந்து கி.பி. 2-ஆம் நூற்றாண்டு முதல் வெட்டப்பட்டது வெர்டே ஆன்டிக்கோ. பொருள், பழைய பச்சை. ரோமானியர் அதை அருகிலிருந்த அட்ராக்ஸ் நகரின் பெயரால் அழைத்தார்கள். கடும்பச்சைத் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சில்லுகள் சிதறிய தோற்றம். ஒரு துண்டைப் போல் இன்னொன்று இராது. கி.பி. 301-இல் ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் பிறப்பித்த விலைக்கட்டுப்பாட்டு ஆணையில் தெஸ்ஸலிக் கல்லுக்கு ஓர் அடிக்கு 150 தினாரி, கரிஸ்டோஸ் கல்லுக்கு 100, மர்மாராக் கடல் தீவான புரொகோனீசஸின் வெள்ளைக் கல்லுக்கு 40 என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. ஆணை பலிக்கவில்லை. என்றாலும் வெள்ளையைவிடத் தெஸ்ஸலிப் பச்சை ஏறத்தாழ நான்கு மடங்கு மதிக்கப்பட்டதற்கு அது சாட்சி. அப்பட்டியலில் 250 தினாரியோடு முதலிடத்தில் எகிப்தின் செவ்வூதா நிறப் போர்ஃபிரியுடன் நின்றதும் ஒரு பச்சைக் கல்தான்: ஸ்பார்டாவுக்கு அருகே குரோக்கீயஸில் கிடைத்த லாசிடெமோனியக் கல். அது எரிமலைப் பாறை. பளிங்கோடு அதற்கு எந்த உறவும் இல்லை. மெருகேறினால் போதும், பளிங்கு என்று சொல்லிவிடலாம் என்ற வணிகர் வழக்கத்துக்கு வயது அதிகம்.

தெஸ்ஸலிக் கல்லின் உச்சம் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) நிகழ்ந்தது. பேரரசர் ஜஸ்டினியன் 532 முதல் 537 வரை கட்டுவித்த ஹேகியா சோபியாப் பேராலயத்தின் நடுக்கூடத்தில் பக்கத்துக்கு நான்காக எட்டுப் பெருந்தூண்கள் இக்கல்லால் ஆனவை. மேல்மாடத்திலும் அதே பச்சை தொடர்கிறது. சுவர்களில் ஒரே பாளத்தை இரண்டாக அறுத்து, புத்தகத்தை விரித்தது போல் எதிரெதிரே ஒட்டி, கோடுகள் ஒன்றையொன்று பிரதிபலிக்கச் செய்திருக்கிறார்கள். இன்றைய உள்ளறை வடிவமைப்பாளர்கள் 'புக் மேட்ச்' என்று கூடுதல் கூலி வாங்கும் உத்தி 1,500 ஆண்டு பழையது.

தரையில் புரொகோனீசஸ் வெள்ளைப் பலகைகளுக்குக் குறுக்கே நான்கு பச்சைப் பட்டைகள் ஓடுகின்றன. வழிபாட்டு ஊர்வலத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும் எல்லைகள் என்பது ஆய்வாளர் கருத்து. பைசாந்திய மரபு அவற்றைச் சொர்க்கத்தின் நான்கு ஆறுகள் என்றது. 558-இல் குவிமாடம் இடிந்து மீண்டும் கட்டப்பட்ட பின், அரண்மனை அலுவலரான பால் என்பவர் 563-இல் அரங்கேற்றிய நெடும்பாடல் அக்கட்டடத்தின் ஒவ்வொரு கல்லையும் அதன் ஊர்ப்பெயரோடு வரிசைப்படுத்துகிறது. கட்டடத்துக்குள் நுழைந்தவர்கள் கல்லைப் பார்த்ததும் பேரரசின் நிலப்படம் நினைவுக்கு வர வேண்டும் என்பதே நோக்கம் எனத் தோன்றுகிறது. எங்கிருந்தெல்லாம் கல் வருகிறதோ அங்கெல்லாம் ஆட்சி நடக்கிறது.

அந்த எட்டுத் தூண்களும் எபேசுவின் ஆர்ட்டமிஸ் கோயிலிலிருந்து பெயர்த்து வந்தவை என்றொரு கதை, 9-ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டு இன்றுவரை சுற்றுலா வழிகாட்டிகள் வாயில் வாழ்கிறது. ஆர்ட்டமிஸ் கோயிலோ வெள்ளைப் பளிங்கால் ஆனது. உலக அதிசயம் ஒன்றின் எலும்பு இங்கே இருக்கிறது என்று சொல்வதில் உள்ள சுவைக்கு முன் பாறையின் சாட்சியம் எடுபடுவதில்லை.

பைசாந்தியப் பேரரசர்கள் பலரின் கல்லறைப் பேழைகளும் இக்கல்லில் குடையப்பட்டன. 7-ஆம் நூற்றாண்டுக் குழப்பங்களில் குவாரி வேலை நின்றுபோனது. அதன்பின் ஆயிரம் ஆண்டுக்கு மேல், வெர்டே ஆன்டிக்கோ வேண்டுமென்றால் பழைய கட்டடத்தை இடித்தால்தான் உண்டு. உதுமானியர் இஸ்தான்புல்லின் பயசித் பள்ளிவாசல் முற்றத்தில் பழைய தூண்களை நிறுத்தினார்கள். ரோமில் லாத்தரன் பேராலயத்தைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் பொரோமினி, 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், பழைய ஆலயத்தின் பச்சைத் தூண்களை அப்போஸ்தலர் சிலைகளுக்கான மாடங்களின் இருபுறமும் வைத்தார்.

பிராட்டோ: வெயிலுக்கு வந்த கல்

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் பிராட்டோ நகருக்கு அருகே மோன்ட்டெஃபெராட்டோ என்னும் குன்று உண்டு. செர்ப்பன்டைன் பாறையாலான அதன் மண்ணில் பயிர் செழிப்பதில்லை. ஆனால் அந்தக் குன்றில் வெட்டிய கரும்பச்சைக் கல்தான் ஃபிளாரன்சுக்கு முகம் கொடுத்தது. 1059-இல் அர்ப்பணிக்கப்பட்ட திருமுழுக்கு ஆலயம், 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழத் தொடங்கிய சான் மினியாட்டோ ஆலயம், 1296-இல் தொடங்கிய பேராலயம், 1334-இல் ஜியாட்டோ தொடங்கிய மணிக்கூண்டு, 1470-இல் ஆல்பெர்ட்டி முடித்த சான்டா மரியா நோவெல்லா முகப்பு என ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டு நகரக் கட்டடக்கலை, வெள்ளைக் கராராவின் மேல் இந்தப் பச்சையால் கோடு போட்டே நடந்திருக்கிறது. பேராலயத்தின் இன்றைய முகப்பு 1887-இல் நிறைவுற்றது. அப்போதும் நிறம் மாற்ற யாரும் துணியவில்லை.

ரோமானியரிடமும் பைசாந்தியரிடமும் பச்சைக் கல் செல்வத்தின் காட்சி. டஸ்கனியில் அது வரைபடக் கோடு. வளைவு எங்கே முடிகிறது, சதுரம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குச் சொல்லும் வேலையை அது செய்தது. கல்லின் உள்ளழகு, அதாவது கோடும் புள்ளியும், இங்கே முக்கியமில்லை. தொலைவிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய கறுப்பாகத் தெரிந்தாலே போதும். என் பார்வையில், இக்கல்லை மிக அறிவோடு பயன்படுத்தியவர்கள் அந்தக் கொத்தனார்கள்தாம். விலையுயர்ந்த தூணுக்குப் பதில் உள்ளூர்க் கல்லின் மெல்லிய பட்டைகளால் காரியத்தை முடித்தார்கள்.

ஆனால் அந்தக் கல் வெளியில் நின்றது. செர்ப்பன்டைனில் உள்ள இரும்பு காற்றுப்பட்டுப் பழுப்பேறியது. நுண்விரிசல்களில் நீர் புகுந்து, குளிரில் உறைந்து, மேற்பரப்பைச் செதிலாகப் பெயர்த்தது. நகரப் புகையின் அமிலம் வெள்ளைக் கோடுகளைக் கரைத்தது. ஃபிளாரன்சின் புதுப்பிப்பு வேலைகளில் வெள்ளைக் கல் கழுவினால் மீள்கிறது. பச்சைக் கல்லை மாற்றவே வேண்டியிருக்கிறது. பிராட்டோ குவாரிகளோ மூடப்பட்டுவிட்டன. ஆல்ப்ஸ் மலையின் பச்சைக் கல்லைக் கொண்டுவந்து பொருத்தினால் நிறம் ஒட்டுவதில்லை. ஆகவே பழைய கட்டடங்களைக் காப்பவர்கள் சிதைந்த துண்டைப் பசை ஏற்றிக் கெட்டிப்படுத்துவதிலேயே கூடுமானவரை நிறுத்திக்கொள்கிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வாலின் லிசர்ட் தீபகற்பத்தில் பரந்து கிடப்பது பச்சையும் செம்பழுப்பும் கலந்த செர்ப்பன்டைன். செர்ப்பன்டைன் குடும்பத்தின் மூன்று கனிமங்களுள் ஒன்றான லிசர்டைட் இந்த இடத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. மற்றவை ஆன்டிகொரைட்டும் கிரிசோடைலும். 1846-இல் விக்டோரியா அரசியும் கணவர் ஆல்பர்ட்டும் அப்பக்கம் வந்து இக்கல்லைப் பார்த்து ஆஸ்போர்ன் மாளிகைக்கு வாங்கினார்கள். அரசி வாங்கிய பிறகு ஊரே வாங்கியது. 1851-இன் லண்டன் மாபெரும் கண்காட்சியில் இதன் தூண்களும் குடுவைகளும் வைக்கப்பட்டன, பொல்டெஸ்கோ கடற்கரையில் நீர்ச்சக்கரத்தோடு தொழிற்சாலை எழுந்தது, லண்டன் கடை முகப்புகளில் கல் ஏறியது. சில ஆண்டுகளில் முகப்புகள் வெடித்தன. இத்தாலியப் பளிங்கின் விலையும் இறங்க, 1893-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. இப்போது அங்கே மிஞ்சியிருப்பது கலங்கரை விளக்கு வடிவப் பொம்மைகளைக் கடைந்து விற்கும் சில பட்டறைகள்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கானமரா நிலைத்துவிட்டது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி அருங்காட்சியகக் கட்டடம், 1906-இல் திறந்த பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றத்தின் மேலவைக் கூடம், 1965-இல் அர்ப்பணிக்கப்பட்ட கால்வே பேராலயத்தின் தரை என இது போன இடமெல்லாம் கட்டடத்தின் உட்புறம். புலம்பெயர்ந்த ஐரிஷ் மக்களுக்குத் தாய்நாட்டின் துண்டு என்ற உணர்வும் விற்பனைக்கு உதவியது. பாரீசில் 1875-இல் திறந்த கார்னியே ஓப்பரா மாளிகையின் பெரும் படிக்கட்டில், கைப்பிடித் தூண்களின் அடித்தளமாகச் சுவீடனின் பச்சைக் கல் இருக்கிறது.

தெஸ்ஸலிக் கல்லுக்கு மறுபிறப்பும் இந்த நூற்றாண்டில்தான். லண்டன் கல்தொழிலதிபர் வில்லியம் பிரிண்ட்லி பண்டைக் குவாரிகளைத் தேடி மத்தியதரைக் கடல் நாடுகளெங்கும் அலைந்து, லாரிசா அருகே மண்மூடிக் கிடந்த பழைய வெட்டுக் குழிகளை அடையாளம் கண்டு மீண்டும் திறந்தார். பைசாந்திய பாணியில் 1895-இல் அடிக்கல் நாட்டப்பட்ட லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துக்கு, ஹேகியா சோபியாவின் அதே பச்சை வேண்டுமென்று கட்டடக் கலைஞர் ஜான் பென்ட்லி விரும்பினார். தூண்கள் வெட்டிய வேளையில் 1897-இன் கிரேக்க–துருக்கிப் போர் மூண்டு, துருக்கிப் படை தெஸ்ஸலிக்குள் நுழைந்துவிட்டது. சரக்கு லண்டன் வந்துசேர நெடுநாள் ஆயிற்று.

நவீனர்களின் கை

அலங்காரத்தைக் குற்றமாகப் பேசிய வியன்னாக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிக்கேல் சதுக்கத்தில் கட்டிய வணிகக் கட்டடத்தின் கீழ்த்தளங்களை யூபியாவின் சிப்போலினோவால் போர்த்தினார். மேல்தளங்களில் சன்னல் விளிம்புகூட இல்லாத வெறும் சுண்ணச் சுவர். புருவமில்லாத வீடு என்று நகரம் ஏசியது. ஏசியவர்கள் கீழே திரும்பிப் பார்த்திருந்தால், செதுக்கிய பூவும் கொடியும் செய்ய வேண்டியதைக் கல்லின் பச்சை அலைகளே செய்துவிட்டதைக் கண்டிருப்பார்கள். சிப்போலினோ கால்சைட் கல் என்பதால் வெளியிலும் ஓரளவு தாக்குப்பிடித்திருக்கிறது.

இந்தச் சிந்தனையின் முழு வடிவம் 1929-இல் பார்சிலோனாவில் மீஸ் வான் டெர் ரோவும் லில்லி ரைக்கும் அமைத்த ஜெர்மன் கண்காட்சி மண்டபம். நான்கு கற்கள்: ரோம் அருகே கிடைக்கும் டிராவர்ட்டைன், ஆல்ப்ஸ் பச்சை, கிரேக்கப் பச்சை, அட்லஸ் மலையின் பொன்னிற ஓனிக்ஸ். கூரையைத் தாங்குபவை மெல்லிய எஃகுத் தூண்கள். கல் சுவர்கள் வெளியைப் பிரிக்க மட்டுமே. சிறிய குளத்தைச் சுற்றிய பச்சைச் சுவரின் நிழல் நீரில் விழ, நடுவே ஜார்ஜ் கோல்பெயின் சிலை நிற்கிறது. மண்டபம் 1930-இல் கலைக்கப்பட்டு, புகைப்படங்களின் துணையோடு 1983 முதல் 1986 வரை அதே இடத்தில் மீண்டும் எழுந்தது. பச்சைக் கல்லைத் தூணாகவோ சட்டமாகவோ அன்றி ஒரு முழுச் சுவராக நிறுத்தலாம் என்று இன்றைய ஹோட்டல் முகப்பறைகளுக்குக் கற்றுக்கொடுத்த கட்டடம் இதுவே.

உலகம் அதிகம் பார்த்த பச்சைக் கல் நியூயார்க்கில் இருக்கிறது. 1952-இல் திறந்த ஐ.நா. பொதுச்சபைக் கூடத்தில் பேச்சாளரின் பின்புறம் தெரியும் சுவர் பச்சைப் பளிங்குச் சதுரங்களால் ஆனது. 2012-இல் டொனால்ட் டிரம்ப் ட்விட்டரில் அந்தச் சிறு சதுரங்கள் மலிவாகத் தெரிவதாகவும், கேட்டால் பெரிய பாளங்களாக மாற்றித் தரத் தயார் என்றும் எழுதினார். அரசியலை விட்டுவிட்டு, கல் வேலை தெரிந்தவர்களைக் கேட்டால் அவர் சொன்னதில் பாதி ஒப்புவார்கள். கோடுகள் நிறைந்த கல்லைச் சதுரமாக நறுக்கினால் அதன் ஓட்டம் அறுபடுகிறது. ஆனால் 1952-இல் பெரிய பாளத்தை மெல்லியதாகவும் விரிசலின்றியும் அறுப்பது இன்றுபோல் எளிதல்ல. மணலும் நீரும் சேர்த்து எஃகுக் கம்பியால் அறுத்த காலம் அது. 1970-களின் பிற்பகுதியில் கராராவில் வைரமணி கோத்த கம்பிவாள் வந்த பிறகுதான் குவாரியின் வேகம் மாறியது.

கேசரியாஜியின் பச்சை

இன்று பச்சைப் பளிங்கு என்றதும் உலகச் சந்தையில் முதலில் நினைவுக்கு வருவது இந்தியா. ராஜஸ்தானின் உதய்பூருக்குத் தெற்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில், அகமதாபாத் நெடுஞ்சாலையில் ரிஷப்தேவ் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள முதல் தீர்த்தங்கரர் கோயிலில் கருங்கல் திருமேனிக்குக் குங்குமப்பூ சாத்தும் வழக்கத்தால் ஊருக்குக் கேசரியாஜி என்றும் பெயர். சமணர் மட்டுமன்றிப் பில் பழங்குடியினரும் காலாஜி என்று சொல்லி வணங்கும் தெய்வம். ஊரைச் சுற்றி, மசாரோங் கி ஓப்ரி போன்ற சிற்றூர்களில், ஆரவல்லியின் பழம்பாறைகளுக்கிடையே பட்டையாக ஓடும் செர்ப்பன்டைன் வெட்டப்படுகிறது. 'கேசரியாஜி கிரீன்', 'உதய்பூர் கிரீன்', 'இந்தியன் கிரீன்', 'ஃபாரஸ்ட் கிரீன்' என்று வரும் பெயர்களில் பெரும்பாலானவை இந்த வட்டாரக் கல்லின் வெவ்வேறு அடர்த்திகள். கோடில்லாத தூய பச்சைக்கு விலை அதிகம்; வெள்ளைச் சிலந்தி வலை படர்ந்தது அதற்கடுத்து.

இந்திய அரசின் சுரங்கத் துறை ஆவணங்களும் இதைப் பளிங்கு வகைகளுள் ஒன்றாகவே எண்ணுகின்றன. கால்சைட், டோலமைட், செர்ப்பன்டைன் ஆகியவற்றில் எது மிகுந்திருந்தாலும், மெருகேறினால் வணிக நோக்கில் பளிங்கு. அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான ஏஎஸ்டிஎம்மோ செர்ப்பன்டைன் கட்டடக் கல்லுக்குத் தனித் தரவிதி வகுத்திருக்கிறது.

வெட்டிய கல் பாளமாக உதய்பூர் ஆலைகளுக்குப் போகிறது. பல கத்திகள் பூட்டிய பெரிய ரம்பங்களில் அறுத்து, பின்புறம் கண்ணாடி இழை வலை ஒட்டி, விரிசல்களில் பிசின் நிரப்பி மெருகேற்றுகிறார்கள். வலை ஒட்டுவது ஏமாற்றுவேலையன்று. அது இல்லாவிட்டால் இந்தக் கல் லாரியிலேயே உடையும். அறுக்கும்போது ஓடும் சேறு காய்ந்தால் நுண்தூளாகிறது. ஆலைப் பகுதிகளில் அதைக் கொட்டும் மேடுகள் விளைநிலத்தையும் நீரோடையையும் மூடுவது ராஜஸ்தான் கல்தொழிலின் தீராத வழக்கு.

தூளின் இன்னொரு முகம் இன்னும் கடுமையானது. செர்ப்பன்டைன் குடும்பத்துக் கிரிசோடைல், நார் வடிவில் விளைந்தால் அதுவே வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ். ரிஷப்தேவ், கேர்வாடா பகுதிகளில் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களும் இருந்தன. மூச்சில் புகும் நார் நுரையீரலைச் சிதைத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்பதால் 1986-இல் இந்திய அரசு புதிய ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கக் குத்தகைகளை நிறுத்தியது. செர்ப்பன்டைனை 1965-இல் தன் மாநிலப் பாறையாக அறிவித்த கலிஃபோர்னியாவில், அந்தத் தகுதியைப் பறிக்க 2010-இல் ஒரு மசோதா வந்தது. எல்லாச் செர்ப்பன்டைனிலும் நார் இல்லை என்று புவியியலார் எழுந்து வாதிட, மசோதா நிறைவேறவில்லை. வீட்டுச் சுவரில் மெருகேறிப் பதிந்திருக்கும் பலகை நாரை வெளிவிடுவதில்லை. குவாரியிலும் ஆலையிலும், வீட்டு வாசலில் நீரின்றி இயந்திரத்தால் கல்லை அறுக்கும் தொழிலாளியின் மூச்சிலும்தான் ஆபத்து இருக்கிறது. தண்ணீர் விட்டு அறுப்பதும் தகுந்த முகக்கவசமும் அங்கே சலுகையல்ல.

பதித்தலும் பராமரிப்பும்

தமிழ்நாட்டில் இக்கல் பரவலானது ராஜஸ்தான் வணிகர்கள் நகரங்களில் மார்பிள் கடை திறந்த பிறகு. வெள்ளைத் தரைக்குப் பச்சை பார்டர், பூஜை அறைத் திண்ணை, மாடிப்படியின் முன்பலகை என்று அளவாகத்தான் வாங்குவார்கள். முழு ஹாலுக்கும் போட்டால் இருட்டடிக்கும் என்ற நம் வீட்டுப் பெண்களின் கணிப்பு சரியானது. இக்கல் ஒளியை உள்வாங்கும். நல்ல வெளிச்சமோ பக்கத்தில் வெளிர்நிறமோ தேவை.

வெள்ளைப் பளிங்கைப் பதிப்பது போலவே ஈரச் சிமென்ட் கலவையில் இதைப் பதிப்பதுதான் பரவலான பிழை. மெல்லிய செர்ப்பன்டைன் டைல், அடிப்புறத்தில் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே விரிகிறது. மேற்புறம் காய்ந்தபடியே இருக்கிறது. விளைவாக ஓரங்கள் மேலெழும்பி, கலவை இறுகியதும் அந்த வளைவு அப்படியே நிலைத்துவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் தரை சமமாகாது. நீர் கலவாத எப்பாக்சிப் பசையில் பதிப்பதே தீர்வு. செலவு கூடும் என்று மேஸ்திரி தயங்கினால், இரண்டு துண்டுகளை வாளி நீரில் பாதி நனைய வைத்து மறுநாள் அளவுகோலால் பார்க்கச் சொல்லலாம். தடித்த பலகைகளில் இத்தொல்லை குறைவு. கல்லின் பின்னால் ஒட்டிய வலையின் மேல் சிமென்ட் பிடிக்காது என்பதையும் பதிப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

செர்ப்பன்டைன் மென்மையானது. வாசலில் செருப்போடு வரும் மணல் இதன் மெருகை ஓரிரு ஆண்டில் தின்றுவிடும். நடமாட்டம் மிகுந்த இடத்துக்குக் கிரானைட்டே ஏற்றது. குளியலறைச் சுவரில் ஷாம்பூவும் கடின நீரும் விட்டுப்போகும் வெள்ளைப் படலம் கரும்பச்சையில் பளிச்செனத் தெரியும். அதை எடுக்க அமிலம் கலந்த குளியலறைத் திரவத்தை ஊற்றினால் படலத்தோடு கால்சைட் கோடுகளும் போய், மெருகில் பள்ளம் விழும். மென்மையான சோப்பு நீர், துடைக்க ஈரம் பிழிந்த துணி, ஈரம் புகாமல் தடுக்கும் பூச்சை அவ்வப்போது புதுப்பித்தல் ஆகியவை போதுமானவை. நிறம் மங்கிய கல்லுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு; அசிட்டோன் தோய்த்த வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்தால் சாயம் துணியில் இறங்கும்.